செயலிழந்த ரவுட்டரை மீட்பது எப்படி?

கடையில் தராசு பழுதானால் பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்துக் கொடுத்து அன்றைய பொழுதை ஓட்டிவிடலாம். இணைய இணைப்பைப் பங்கிட்டுத் தரும் ரவுட்டர் நின்றுபோனால் அவ்வளவு எளிதாகச் சமாளிக்க முடிவதில்லை. பில் போடும் கணினி, மொத்த வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய ஆர்டர், சரக்கு கிளம்பும் முன் எடுக்க வேண்டிய இ-வே பில், கண்காணிப்புக் கேமரா என எல்லாமே அந்தச் சிறு பெட்டியின் வழியாகத்தான் போகின்றன. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் பெட்டியைத்தான் நம்மில் பெரும்பாலோர் கடையிலும் கிடங்கிலும் வைத்திருக்கிறோம்.

இந்தப் பெட்டிக்குப் புதிய மென்பொருள் ஏற்றும்போது நடுவில் மின்சாரம் போனாலோ, தவறான கோப்பை ஏற்றிவிட்டாலோ, பெட்டி அப்படியே உறைந்துவிடும். பதற்றத்தில் கண்ட பொத்தானை அழுத்துவதும், கிடைத்த கோப்பையெல்லாம் ஏற்றிப் பார்ப்பதும், கடைசியில் குப்பையில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. மென்பொருள் கெட்ட பெட்டி பெரும்பாலும் முழுவதும் சாவதில்லை. மீட்பதற்கான ஒரு வழியைத் தயாரிப்பாளரே உள்ளே வைத்திருக்கிறார். அந்த வழியை அடைக்காமல் காப்பதுதான் முக்கியம். அதை வரிசையாக இங்கே பார்ப்போம்.

முதலில் வியாபாரம், பிறகு பழுது

ரவுட்டர் நின்றவுடன் அதைத் திறந்து உட்கார வேண்டாம். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பில்லிங் கணினியை அதில் இணைத்து, அன்றைய வேலையை நடத்துங்கள். மீட்பு வேலைக்கு அவசரமற்ற ஒரு மணி நேரம் வேண்டும். கடை அடைத்த பிறகு செய்வதே நல்லது.

'செங்கல்' என்பதன் பொருள்

மின்சாரம் வந்தும் இயங்காமல் கிடக்கும் ரவுட்டரை 'பிரிக்' ஆகிவிட்டது, அதாவது செங்கல்லாகிவிட்டது என்று தொழில்நுட்பர்கள் சொல்வார்கள். இதில் இரண்டு நிலைகள் உண்டு. இயங்கும் மென்பொருள் மட்டும் கெட்டு, தொடக்க மென்பொருள் நன்றாக இருப்பது ஒரு நிலை. தொடக்க மென்பொருளே அழிந்துபோவது மற்றொரு நிலை. முதல் நிலையில் பெட்டியைத் திறக்காமலே மீட்கலாம். இரண்டாவதற்குச் சாலிடரிங் தெரிந்த ஆள் வேண்டும். தெரியாமல் செய்யும் கைவேலை முதல் நிலையை இரண்டாம் நிலையாக்கிவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

எடுத்துக்காட்டாக நம் நாட்டில் ஏராளமாக விற்ற ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம்: டிபி-லிங்க் நிறுவனத்தின் டி.எல்-டபிள்யூஆர்841என், 9ஆம் பதிப்பு. இதன் நிலையான நினைவகம் 4 எம்.பி., அதாவது 4,096 கே.பி. அதன் வரவு செலவு இப்படி:

பூட்லோடர் என்னும் தொடக்க மென்பொருள் – 128 கே.பி.
இயங்கும் மென்பொருள் – 3,840 கே.பி.
நாம் செய்த அமைப்புகள் (கடவுச்சொல், வைஃபை பெயர் முதலியன) – 64 கே.பி.
வைஃபை அளவீடுகள் – 64 கே.பி.

மின்சாரம் வந்தவுடன் முதலில் விழிப்பது பூட்லோடர். அது இயங்கும் மென்பொருளைச் சரிபார்த்து ஓட விடுகிறது. வழக்கமான மேம்படுத்தலில் 3,840 கே.பி. பகுதியை அழித்துத்தான் புதியது எழுதப்படும். பாதியில் மின்சாரம் போனால் அங்கே பாதி புதியதும் பாதி வெற்றிடமுமாக இருக்கும். கணக்கு ஒத்துவராததால் பூட்லோடர் மேலே செல்லாமல் நிற்கிறது. ஆனால் அந்த 128 கே.பி. தொடப்படவே இல்லை. மீட்பு வேலை முழுவதும் அதை நம்பித்தான் நடக்கிறது.

கடைசி 64 கே.பி.யையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதிய வைஃபை அளவீடுகள் அதில் இருக்கின்றன. அது போனால் எந்த இணையதளத்திலிருந்தும் திரும்ப எடுக்க முடியாது.

உண்மையிலேயே செங்கல்தானா?

1. அடாப்டரைச் சோதியுங்கள். நாள்பட்ட அடாப்டர் விளக்கை எரிய வைக்கும், ஆனால் ரவுட்டர் முழு வேகத்தில் ஓடத் தேவையான மின்னோட்டத்தைத் தராது. பெட்டி தொடங்கித் தொடங்கி நிற்கும். அதே வோல்ட் உள்ள, ஆம்பியர் குறையாத, முனை பொருந்தும் வேறொரு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரை மாட்டிவிடக் கூடாது.

2. காத்திருங்கள். மேம்படுத்திய பிறகு முதல் தடவை தொடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அதற்குள் மின்சாரத்தை நிறுத்துபவர்தான் நல்ல பெட்டியையும் கெடுக்கிறார்.

3. விளக்குகளைப் படியுங்கள். மேற்சொன்ன பெட்டியில் பல்சக்கரப் படமுள்ள விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் பெட்டி நன்றாக ஓடுகிறது என்று பொருள். மின்னுவதைக் கோளாறு என்று எண்ணிவிடுகிறோம். அந்த விளக்கு அணைந்தே கிடந்தாலோ, வெகு நேரம் மின்னாமல் ஒரே சீராக எரிந்தாலோதான் கோளாறு.

4. ரீசெட் செய்து பாருங்கள். பத்து விநாடி அழுத்தினால் அமைப்புகள் அழியும், மென்பொருள் மாறாது. கடவுச்சொல் மறந்ததற்கும் அமைப்பு குழம்பியதற்கும் இது மருந்து. மென்பொருள் கெட்டதற்கு இது மருந்தல்ல.

5. இணைப்பு நிறுவனத்தின் பக்கம் கோளாறா என்று பாருங்கள். ஃபைபர் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே கேபிள்தான் கெட்டிருக்கிறது. உங்கள் ரவுட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் மாடல் பெயருடன் பதிப்பு எண்ணும் அச்சிட்டிருக்கும். சரக்கில் பெயர் ஒன்றாக இருந்தாலும் ரகம் வேறாக இருப்பது நமக்குத் தெரிந்ததே. இங்கும் அப்படித்தான். டபிள்யூஆர்841என் 9ஆம் பதிப்பில் குவால்காம் ஏதெராஸ் சிப் இருக்கிறது. அதே பெயருள்ள 13ஆம் பதிப்பில் மீடியாடெக் சிப் இருக்கிறது, நினைவகமும் 8 எம்.பி. ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல் பதிப்பு எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே கோப்பை இறக்குங்கள்.

அடுத்து, கோப்பின் பெயரையும் அளவையும் பாருங்கள். 9ஆம் பதிப்புக்கு இயங்கும் மென்பொருள் மட்டும் உள்ள கோப்பு சரியாக 39,32,160 பைட் இருக்கும். இதுவே மேற்கண்ட 3,840 கே.பி. பெயரில் 'பூட்' என்ற சொல் இருந்து அளவு 40,63,744 பைட் என்றிருந்தால், அதில் 128 கே.பி. பூட்லோடரும் 512 பைட் தலைப்பும் முன்னால் சேர்ந்திருக்கின்றன. வேற்று மென்பொருளிலிருந்து பழைய மென்பொருளுக்குத் திரும்பும்போது இந்தத் தலைப்பகுதியை வெட்டாமல் ஏற்றிப் பெட்டியைச் செங்கல்லாக்கிக்கொண்டவர்கள் பலர். இவ்வகைக் கோப்பு மட்டுமே கிடைத்தால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து வெட்டி வாங்குங்கள். அளவு இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் இறக்கம் பாதியில் நின்றிருக்கலாம், மீண்டும் இறக்குங்கள்.

மீட்கும் முறை

கணினி கோப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கும், ரவுட்டரின் பூட்லோடர் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்தப் பரிமாற்ற முறைக்கு டி.எஃப்.டி.பி. என்று பெயர். தேவையானவை ஒரு லேப்டாப், ஒரு ஈதர்நெட் கேபிள், 'டி.எஃப்.டி.பி.டி.64' என்ற இலவச மென்பொருள். கிடைத்தால் ஒரு யு.பி.எஸ். இணையம் இல்லாத நேரத்தில் செய்யும் வேலை என்பதால் கோப்பையும் மென்பொருளையும் கைப்பேசி இணைப்பில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

1. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஈதர்நெட் முகவரியைக் கையால் 192.168.0.66 என்றும், சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் போடுங்கள். 9ஆம் பதிப்பு இந்த முகவரியில்தான் கோப்பைத் தேடும். 13ஆம் பதிப்பு 192.168.0.225 என்ற முகவரியில் தேடும்.

2. கோப்பின் பெயரை மாற்றுங்கள். 9ஆம் பதிப்புக்கு 'டபிள்யூஆர்841என்வி9_டிபி_ரெக்கவரி.பின்' என்பது பெயர். 13ஆம் பதிப்புக்கு வெறும் 'டிபி_ரெக்கவரி.பின்', அதன் கோப்பின் உள்ளமைப்பும் வேறு. பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல், அடிக்கோட்டுக் குறியுடன் எழுத வேண்டும். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும் வழக்கமுடையது. அதனால் '.பின்' இரண்டு முறை சேர்ந்துவிடாமல் பாருங்கள்.

3. டி.எஃப்.டி.பி.டி.64ஐத் திறந்து, கோப்பு உள்ள இடத்தையும் 192.168.0.66 என்ற முகவரியையும் தேர்ந்தெடுங்கள். ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். கேட்காமலே தடுத்தால் வேலை முடியும்வரை மட்டும் அதை அணைத்து வையுங்கள்.

4. கேபிளை ரவுட்டரின் லேன் துளையில் மாட்டுங்கள். இணைய கேபிள் மாட்டும் வான் துளையில் மாட்டினால் நடக்காது.

5. ரவுட்டரை அணையுங்கள். பின்பக்க ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரத்தைக் கொடுங்கள். பூட்டுப் படமுள்ள விளக்கு எரிந்ததும் பொத்தானை விடுங்கள்.

6. கணினித் திரையில் கோப்பு போவது தெரியும். போன பிறகு ரவுட்டர் அதை நினைவகத்தில் எழுதும். இந்த நேரத்தில் மின்சாரத்தைத் தொடவே கூடாது. ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பெட்டி தானாகவே மறுபடி தொடங்கும்.

7. லேப்டாப்பின் முகவரியைத் தானியங்கி முறைக்கு மாற்றி, அணைத்த ஃபயர்வாலை மறுபடி போட்டு, 192.168.0.1 என்ற முகவரியைத் திறங்கள். உள்நுழையும் பக்கம் வந்தால் பெட்டி பிழைத்துவிட்டது.

கோப்பு போகாவிட்டால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். பூட்லோடர் சில விநாடிகளே கேட்டுப் பார்க்கும். ரவுட்டர் தொடங்கியபின் கணினி தன் துளையை விழிக்கச் செய்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடலாம். நடுவில் ஒரு சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சை வைத்து, கணினியையும் ரவுட்டரையும் அதில் மாட்டினால் கணினியின் இணைப்பு எப்போதும் விழித்திருக்கும். இரண்டாவதாக, டி.எஃப்.டி.பி.டி.64இன் பதிவுப் பக்கத்தைப் படியுங்கள். ரவுட்டர் எந்தப் பெயரில் கோப்பைக் கேட்டது என்று அதிலேயே எழுதியிருக்கும். நாம் வைத்த பெயர் வேறானால் அதை மாற்றினால் போதும். பெட்டி பெயர் சொல்லிக் கேட்டுவிட்டது என்றாலே பூட்லோடர் உயிருடன் இருக்கிறது என்று தைரியம் கொள்ளலாம்.

மற்ற நிறுவனப் பெட்டிகள்

தத்துவம் ஒன்றே, கதவு மட்டும் வேறு. ஏசஸ் பெட்டிகளில் ரீசெட்டை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் பவர் விளக்கு மெதுவாக மின்னும். கணினிக்கு 192.168.1.10 என்ற முகவரி கொடுத்து, அந்நிறுவனமே தரும் மீட்பு மென்பொருளால் கோப்பை அனுப்பலாம். டி-லிங்க் பெட்டிகள் பலவற்றில் இதே முறையில் 192.168.0.1இல் ஓர் அவசரப் பக்கம் திறக்கும், கோப்பை அங்கேயே தேர்ந்தெடுத்து ஏற்றலாம். நெட்கியர் பெட்டிகளுக்கு 'என்.எம்.ஆர்.பி.ஃபிளாஷ்' என்ற இலவச மென்பொருளும், மைக்ரோடிக் பெட்டிகளுக்கு அந்நிறுவனத்தின் 'நெட்இன்ஸ்டால்' மென்பொருளும் உண்டு. லின்க்சிஸின் டபிள்யூஆர்டி1900ஏசி வரிசையில் மென்பொருள் இரண்டு பிரதிகளாக இருக்கும். தொடங்கும் நேரத்தில் மூன்று முறை அடுத்தடுத்து மின்சாரத்தை நிறுத்தினால் அது தானாகவே மற்றப் பிரதிக்கு மாறிவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

பொத்தானுக்கும் விளக்குக்கும் எந்தப் பதிலும் இல்லையென்றால் பூட்லோடரே போயிருக்கலாம். அப்போது பெட்டியைத் திறந்து சீரியல் கம்பிகளை இணைத்துப் பார்ப்பார்கள். இந்தப் பெட்டிகளின் சீரியல் இணைப்பு பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் இயங்குவது. 5 வோல்ட் கொடுத்தால் சிப் எரியலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் எட்டுக் கால் நினைவகச் சிப்பில் கிளிப் மாட்டி நேரடியாக எழுதுவார்கள். இந்த நிலையில் தொழில்நுட்பரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: எழுதுவதற்கு முன் சிப்பில் இருப்பதை முழுவதும் படித்துப் பிரதி எடுக்க வேண்டும். இல்லையென்றால் நாம் சொன்ன வைஃபை அளவீடுகள் போய்விடும். இன்னொரு பெட்டியின் பிரதியை அப்படியே எழுதினால் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே அடையாள எண் வந்து குழப்பம் உண்டாகும்.

பழுதுக் கூலியைப் புதுப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். உத்தரவாதக் காலம் பாக்கி இருந்தால் திறக்கவே வேண்டாம்.

இணைப்பு நிறுவனம் மாட்டிய ஃபைபர் பெட்டி நம் கைக்கு உரியதல்ல. அதன் அடையாளமும் அமைப்பும் அவர்களுடைய கணக்கில் பதிந்திருப்பவை. அதற்கு மேற்சொன்ன முறைகளைச் செய்யாமல் அவர்களிடம் புகார் பதிவு செய்யுங்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

மேம்படுத்தாமலே இருந்துவிடலாமா?

இத்தனை தொல்லைக்குப் பயந்து மென்பொருளையே தொடாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். அதுவும் ஆபத்தே. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் ஒரு தீய மென்பொருளின் தாக்குதலால் முடங்கின. மறுதொடக்கமும் புதிய மென்பொருளும் அவற்றைக் காப்பாற்றின. 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் பெருமளவில் தாக்கப்பட்டன. தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை மாற்றிவிடுமாறு வாடிக்கையாளர்கள் அப்போது கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2023 அக்டோபர் 25 முதல் 27 வரை, 72 மணி நேரத்துக்குள், அமெரிக்காவில் ஒரே இணைப்பு நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் செங்கல்லாக்கப்பட்டன. லூமென் நிறுவனத்தின் பிளாக் லோட்டஸ் ஆய்வகம் 2024 மே மாதம் இதை வெளியிட்டது. அந்தப் பெட்டிகளை மீட்க முடியவில்லை, மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

இதிலிருந்து ஒரு முடிவு நமக்குக் கிடைக்கிறது. மீட்ட பெட்டி பழையதாகி, தயாரிப்பாளர் அதற்குப் புதிய மென்பொருள் தருவதையே நிறுத்தியிருந்தால், அதைப் பில்லிங் கணினிக்கும் வங்கி வேலைக்கும் வைக்காதீர்கள். பழுதான அன்று சமாளிக்க ஓர் உதிரியாக மட்டும் இருக்கட்டும். பெட்டி உயிர் பிழைத்தது என்பதற்காகக் கல்லாப்பெட்டியை அதனிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மென்பொருள் மேம்படுத்தலைக் கடை நேரத்தில் செய்யக் கூடாது. ஜி.எஸ்.டி. படிவம் கட்டும் கடைசி நாட்களில் கண்டிப்பாகக் கூடாது.

2. ரவுட்டரையும் கணினியையும் யு.பி.எஸ்.ஸில் வைத்து, வைஃபை மூலம் அல்லாமல் கேபிள் மூலம் மேம்படுத்துங்கள்.

3. மாடல், பதிப்பு எண், இணைப்பு நிறுவனம் தந்த பயனர் பெயர் ஆகியவற்றைக் கடைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெட்டி பிழைத்தாலும் இவை தெரியாவிட்டால் இணையம் வராது. கடவுச்சொற்களை எழுதும் தாளை மட்டும் பூட்டி வையுங்கள்.

4. நன்றாக ஓடும்போதே அமைப்புகளின் பிரதியையும், ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் மென்பொருள் கோப்பையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

5. மீட்டவுடன் முதல் வேலை தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுவது. மீட்பு முடிந்த பெட்டி பழைய தொடக்கக் கடவுச்சொல்லோடுதான் எழுந்திருக்கும்.

6. இரண்டு மூன்று முறை முயன்றும் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். வேறு பதிப்பின் கோப்பை ஏற்றிப் பார்க்கும் எண்ணம் அப்போதுதான் வரும். அந்த ஓர் எண்ணமே பிழைக்கக்கூடிய பெட்டியைச் செங்கல்லாக்கிவிடுகிறது.

உறுப்பினர்கள் இன்றே தங்கள் ரவுட்டரைத் திருப்பி, அடியில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.